அக்ரிலிக் கேபினட்டில் மிரர் ஃபிலிம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீடு மதுரை திருநகரில். மாடி அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் பெட்டியின் (கேபினட்) பக்கவாட்டில் மாட்டுகிற தெளிவான பிளாஸ்டிக் பலகைகள், அதாவது அக்ரிலிக் பேனல்கள், இதுவரை பதினான்குக்கு மிரர் ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். அதில் ஐந்து குப்பைக்குப் போயின. மீதி ஒன்பதும் அக்கா பையன், அவன் கல்லூரிக் கூட்டாளிகள், என் அலுவலக நண்பர்கள் என்று யார் யார் மேஜையிலோ மினுங்கிக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்தவர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் போனில் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ஃபிலிம் எதற்கு? சும்மா அக்ரிலிக் போட்டால் போதாதா?

தாராளமாகப் போதும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஆன் செய்ததும் உள்ளே எல்இடி எரிந்து மதர்போர்டும் (முக்கியச் சர்க்யூட் பலகை) ஃபேனும் தெரிய வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்குத்தான் ஃபிலிம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மெல்லிய பாலியஸ்டர் தாள், சுமார் 25 முதல் 50 மைக்ரான் கனம். அதன்மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைத்திருப்பார்கள். அந்தப் படிவு விழுகிற வெளிச்சத்தில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும், கொஞ்சத்தை உள்ளே விடும். சாதாரண வெள்ளி ஃபிலிம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. ராத்திரி பஸ்ஸில் உள்ளே விளக்கைப் போட்டதும் ஜன்னலில் வெளியே இருக்கிற ஊர் மறைந்து நம் முகமே தெரியும் இல்லையா, அதே கணக்கு. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்து ஆளுக்குக் கண்ணாடி. இருட்டுப் பக்கத்து ஆளுக்கு ஜன்னல்.

ஆகவே மேஜை ஜன்னலோரம் இருந்தால், பகல் பதினோரு மணிக்கு எத்தனை எல்இடி போட்டாலும் உள்ளே தெளிவாகத் தெரியாது. மதுரை வெயிலோடு எல்இடி போட்டி போட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது.

கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

ஜன்னலுக்கு ஒட்டுகிற 'மிரர் ஃபிலிம்' அல்லது 'சன் கண்ட்ரோல் ஃபிலிம், சில்வர்' என்று கேளுங்கள். 'கூலிங் பேப்பர்' என்றால் பல கடைகளில் கறுப்பு டின்ட்டை எடுத்து நீட்டுவார்கள். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கும், திருப்பி அனுப்பாது. அது வேறு சாமான்.

ஃபிலிமின் எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. 20 என்றால் நூறில் இருபது பங்கு வெளிச்சம் உள்ளே போகும் என்பது சரியான கணக்கு. ஆனால் சில கடைக்காரர்கள் 'எண்பது பர்சென்ட் டார்க்' என்று அதையே தலைகீழாகச் சொல்வார்கள். எண்ணை நம்பாதீர்கள். துண்டு ஒன்றை வாங்கி, செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள், அப்புறம் முன்னால் உங்கள் முகத்தைப் பாருங்கள். இரண்டும் திருப்தியா இருந்தால் அதுதான் உங்களுக்கானது. கேபினட்டுக்கு 15 முதல் 20 வரை எனக்குப் பிடிக்கும். 5 என்பது வீண். உள்ளே எரிகிற விளக்கு மங்கலான புள்ளியாகத்தான் தெரியும். 50-இல் கண்ணாடித் தோற்றமே வராது.

சன் ஃபிலிமுக்குச் சுப்ரீம் கோர்ட் தடை போட்டதே, வாங்கினால் பிரச்சினை வராதா?

2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தடை செய்தது மோட்டார் வாகனங்களின் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதை. வீட்டு ஜன்னலுக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் அதில் சம்பந்தம் இல்லை. உங்கள் கேபினட்டை எந்த டிராஃபிக் போலீஸும் நிறுத்த மாட்டார்.

கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரிதானே அக்ரிலிக்கிலும் ஒட்ட வேண்டும்?

இல்லை. இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தெரிந்திருந்தால் என் ஐந்து பேனல்களில் நான்கு பிழைத்திருக்கும்.

ஃபிலிம் கண்ணாடிக்காகச் செய்யப்பட்டது. கண்ணாடி எதையும் உறிஞ்சாது, எதையும் வெளியேற்றாது. அக்ரிலிக் பிளாஸ்டிக். பார்வைக்குக் கண்ணாடியைவிடத் தெளிவு, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 92 சதவீதத்தை உள்ளே விடும், எடையும் பாதிக்குக் கீழே. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை மெதுவாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தயாரிப்பின்போது தங்கிய வாயுவும் உள்ளே கொஞ்சம் இருக்கும். சூடு ஏறினால் இவை மெல்ல வெளியேறப் பார்க்கும். மேலே பாலியஸ்டரும் அலுமினியமும் சேர்ந்த, எளிதில் காற்றுப் புகாத ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. அவ்வளவு வேகமாக வெளியேற வழியில்லை. எனவே ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு கொப்புளம் கிளம்பும்.

என் ஆறாவது பேனல் அப்படித்தான் போனது. சித்திரைத் திருவிழா சமயம். அண்ணாநகர் நண்பனுக்காக ஒட்டியது. ஒரு தூசி இல்லை, ஒரு மடிப்பு இல்லை, என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒட்டியதே இல்லை என்று எனக்கே பெருமை. ஐந்தாம் நாள் அவன் படம் அனுப்பினான். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி பேனல் முழுக்கப் பொரிந்திருந்தது. ஒட்டியதில் தப்பில்லை. ஷீட்டை வாங்கிய அன்றே ஒட்டியதுதான் தப்பு.

இரண்டாவது வித்தியாசம், விரிவது. அக்ரிலிக் சூட்டில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். 45 செ.மீ. நீளமுள்ள பேனல், அறை வெப்பத்திலிருந்து இருபது டிகிரி ஏறினால் அரை மில்லிமீட்டருக்கு மேலேயே நீளும். பாலியஸ்டர் ஃபிலிமோ அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் விரியும். ஒன்று இழுக்க, இன்னொன்று பிடித்து நிறுத்த, 2 மி.மீ. ஷீட்டாக இருந்தால் பேனல் லேசாக வில் போல் வளையும். 3 மி.மீ.-க்குக் கீழே போகாதீர்கள். ஸ்க்ரூ ஓட்டையை ஸ்க்ரூவைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகப் போடுங்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

மூன்றாவது, ரசாயனம். அதற்குத் தனிக் கேள்வி வருகிறது.

சரி, கொப்புளம் வராமல் இருக்க என்ன வழி?

உத்தரவாதமான வழி கிடையாது, வாய்ப்பைக் குறைக்கலாம். தொழிற்சாலைகளில் அக்ரிலிக்கை அவனில் 80 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிடுவார்கள். ஈரமும் போகும், வெட்டியபோது ஏறிய உள் இழுவிசையும் தளரும். லேசர் கட்டிங் செய்கிற இடத்தில் அந்த வசதி இருந்தால் காசு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். வீட்டு ஓடிஜியில் (கேக் சுடுகிற சின்ன மின் அடுப்பு) முயற்சி செய்ய வேண்டாம். அதில் ஒரு மூலை 80 காட்டும்போது கம்பிக்குப் பக்கத்து மூலை எங்கேயோ போயிருக்கும். 100 டிகிரி தாண்டினால் அக்ரிலிக் துவண்டுவிடும்.

நான் செய்வது ஏழை வைத்தியம். பாதுகாப்புக் காகிதத்தை இரண்டு பக்கமும் உரித்துவிட்டு, தட்டையான பிளைவுட் மேல் மெல்லிய வேட்டித் துணியை விரித்து, அதில் ஷீட்டைப் படுக்க வைத்து, மேலேயும் துணி போர்த்தி, மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்கு அடியில் ஒரு வாரம் விட்டுவிடுவேன். கொட்டகைக்கு அடியில் என்று சொன்னதைக் கவனியுங்கள். நேர் வெயிலில் சுவரில் சாய்த்து வைத்தால் சாயங்காலம் அது பலாச்சுளை மாதிரி வளைந்திருக்கும். காகிதத்தை உரிக்காமல் காயவைப்பதிலும் பிரயோஜனம் இல்லை, உள்ளே இருப்பது எப்படிப் போகும்?

அதற்குப் பிறகும் முழுப் பேனலில் கைவைக்க மாட்டேன். அதே ஷீட்டின் மிச்சத் துண்டில் உள்ளங்கை அளவு ஃபிலிம் ஒட்டி, நாலைந்து நாள் சூடான இடத்தில் போட்டு வைப்பேன். துண்டு பொரிந்தால் ஷீட் இன்னும் தயாராகவில்லை. துண்டு அப்படியே இருந்தால் மறுநாள் வேலை ஆரம்பம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கிய ஷீட்டுக்கு இந்தச் சோதனை கட்டாயம். என் அனுபவத்தில் தையும் மாசியும்தான் இந்த வேலைக்கு நல்ல மாதங்கள்.

எந்த அக்ரிலிக் வாங்குவது?

காஸ்ட் ஷீட். அச்சில் ஊற்றிச் செய்வது காஸ்ட், இயந்திரத்தில் பிதுக்கி எடுப்பது எக்ஸ்ட்ரூடட். இரண்டாவது விலை குறைவு, கனம் சீராக இருக்கும், ஆனால் தின்னர், ஸ்பிரிட் மாதிரி கரைப்பான் பட்டால் சீக்கிரம் விரிசல் விடும். முழு ஷீட் எட்டுக்கு நாலு அடி. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் மிச்சத் துண்டுகள் கிடைக்கும். வாங்கும்போது காகிதம் இரண்டு பக்கமும் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாலிகார்பனேட் என்கிற இன்னொரு வகை பிளாஸ்டிக் நல்லதா என்று கேட்கிறார்கள். உடையாது, உண்மைதான். ஃபிலிம் ஒட்டுகிற விஷயத்தில் அக்ரிலிக்கைவிட மோசம்.

எதைக் கொண்டு துடைப்பது? கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே வீட்டிலேயே இருக்கிறதே?

அதைத் தொடாதீர்கள். அம்மோனியா கலந்த ஸ்பிரே, தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்.

என் இரண்டாவது பேனலை ஸ்பிரிட்டால்தான் துடைத்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன் துடைக்கிற ஸ்பிரிட், அதைவிடச் சுத்தம் எது என்று நினைப்பு. ராத்திரி துடைத்து வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், லேசரில் வெட்டிய விளிம்பிலிருந்து உள்பக்கமாக மயிரிழை மயிரிழையாக வெள்ளைக் கோடுகள். கோடையில் வற்றிய கண்மாய்த் தரை மாதிரி. லேசர் சூட்டில் விளிம்பு உருகி ஆறும்போது அங்கே இழுவிசை தங்கிவிடுகிறது. கரைப்பான் பட்டதும் அந்த இடம் பிளந்து விடுகிறது. தேய்த்தாலும் போகாது, பாலிஷ் போட்டாலும் போகாது.

பாத்திரம் துலக்குகிற திரவ சோப்பு ரெண்டு சொட்டு, நிறையத் தண்ணீர், கை, புது மைக்ரோஃபைபர் துணி. அவ்வளவுதான். காகிதத்தின் பசை ஒட்டிக்கொண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு விரலால் உருட்டி எடுங்கள், அப்புறம் சோப்புத் தண்ணீரில் மூன்று தடவையாவது கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் ஃபிலிம் பிடிக்காது.

எந்தத் தண்ணீர் என்பதெல்லாம் ஒரு விஷயமா?

நம் ஊரில் விஷயம்தான். போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஃபிலிமுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே மாட்டிய துளி காயும்போது தண்ணீர் போய்விடும், உப்பு வெள்ளைப் புள்ளியாக அங்கேயே தங்கும். பாத்ரூம் குழாயில் பார்க்கிற அதே வெள்ளை. கடைசிக் கழுவலுக்கும் ஸ்பிரேக்கும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு பேனலுக்கு வரும். அதில் குழந்தைகள் ஷாம்பு நாலைந்து சொட்டு விட்டால் ஃபிலிம் வழுக்கும், நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். ஷாம்பு கூடினால் பசை பிடிக்காமல் மறுநாள் ஓரம் கிளம்பும்.

ஃபிலிம் உள்பக்கமா, வெளிப்பக்கமா?

உள்பக்கம். வாரம் ஒருமுறை தூசி துடைக்கிற வீட்டில் வெளிப்பக்க ஃபிலிமில் கீறல் விழத்தான் செய்யும். உள்ளே ஒட்டினால் வெளியே இருப்பது வெறும் அக்ரிலிக், அதில் கீறினால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: ஃபிலிமில் இருப்பது உலோகம். பேனல் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டுங்கள், ஓரம் பிரிந்து சுருண்டு மதர்போர்டில் தொங்காது. பேனலுக்கும் மதர்போர்டில் செருகியிருக்கிற கார்டுகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் முறையை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

இடம்: பாத்ரூம். வீட்டிலேயே தூசி குறைந்த இடம் அதுதான், தரையையும் சுவரையும் நனைத்துவிட்டால் மிதக்கிற தூசியும் அடங்கிவிடும். நேரம்: விடிகாலை ஐந்து மணி. ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும், மே மாதத்தில் பத்து மணிக்கு ஃபேன் இல்லாமல் உட்கார்ந்தால் நெற்றி வியர்வை பேனலில் சொட்டும். எனக்குச் சொட்டியிருக்கிறது. ஆடிக் காற்று அடிக்கிற வாரங்களில் ஜன்னலை அடைத்தாலும் மண் வரும், ஒத்திப் போடுங்கள்.

ஓட்டைகள், வெட்டுகள் எல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒட்டிய பிறகு டிரில் போட்டால் பிட் ஃபிலிமைச் சுருட்டிக்கொண்டு வரும். மூலைகளைக் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டுகிறவர்கள் அதையும் முன்பே, காற்றோட்டமான இடத்தில் முடித்து ஒருநாள் ஆறப்போட்டுவிடுங்கள். அதன் ஆவி அக்ரிலிக்கை வெளுக்க வைக்கும், உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது.

ஃபிலிமைச் சுற்றிலும் ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பேனலைக் கழுவி, தண்ணீர் நிற்கும்படியே தட்டையாக வையுங்கள். காகிதத்தை உரிக்கும்போது அக்ரிலிக்கில் ஸ்டாட்டிக் ஏறி, இல்லாத தூசியையெல்லாம் இழுக்கும். ஈரம் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது ஃபிலிமில் பசையைக் காக்கிற மெல்லிய தாளைப் பிரிக்க வேண்டும். நகத்தால் முயன்றால் மூலை மடிந்துவிடும், மடிந்த கோடு அப்படியே வெள்ளியில் தெரியும். மூலையில் முன்பக்கம் ஒரு செல்லோ டேப், பின்பக்கம் ஒரு செல்லோ டேப் ஒட்டி, இரண்டையும் எதிரெதிராக இழுங்கள். 'டிக்' என்று பிரியும். இங்கே இன்னொரு ஆள் வேண்டும். அவர் தாளைப் பைய இழுக்க இழுக்க, நீங்கள் பசைப் பக்கத்தில் ஸ்பிரே அடித்துக்கொண்டே வாருங்கள். காய்ந்த பசை தன்மேலேயே மடிந்து ஒட்டிக்கொண்டால் அந்தத் துண்டோடு கதை முடிந்தது. என் அக்கா பையன் ஒருமுறை இந்த நேரத்தில் போனை எடுத்தான். அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, நடுப்பகுதி முதலில் படும்படி இறக்குங்கள். வழுக்கிச் சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபிலிமின் மேலேயும் ஸ்பிரே அடித்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் ஸ்க்வீஜியால் (தண்ணீரை வழிக்கிற ரப்பர் பட்டை) தண்ணீரைத் தள்ளுங்கள். ஸ்க்வீஜி இல்லையென்றால் காலாவதியான ஏடிஎம் கார்டில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். முதல் தடவை லேசாக, இரண்டாம் தடவை கொஞ்சம் அழுத்தி. முதலிலேயே அழுத்தினால் ஃபிலிம் நீண்டு மடிப்பு விழும்.

வெட்டுவதற்குப் புது பிளேடு. பழைய பிளேடு ஃபிலிமைக் கிழிக்கும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, அக்ரிலிக்கில் ஆழமாகப் பதியாத அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். அக்ரிலிக்கில் பதிந்த கோடு பின்னால் விரிசலுக்கு வழி காட்டும். வெட்டிய பிறகு ஓரங்களை மட்டும் இன்னொரு முறை தள்ளிவிட்டு, படுக்க வைத்து, இரண்டு நாள் தொடாதீர்கள்.

ஒட்டிய பிறகு குமிழி தெரிகிறது. ஊசியால் குத்தலாமா?

எந்தக் குமிழி என்று பாருங்கள். தண்ணீர்க் குமிழி மங்கலாக இருக்கும், விரலால் அழுத்தினால் நகரும், நாளாக நாளாகச் சுருங்கும். இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். தண்ணீருக்கு ஃபிலிம் வழியாக வெளியேற அவ்வளவு காலம் பிடிக்கும்.

தூசிக் குமிழி கூடாரம் மாதிரி இருக்கும், நடுவில் ஒரு துகள் குச்சியாக நிற்கும். அது போகாது. ஒன்றிரண்டு என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

வாயுக் கொப்புளம் முதல் நாள் இருக்காது. நாலாம் நாளோ பத்தாம் நாளோ கிளம்பும், பேனல் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், வளரும். குத்தினால் அடங்கும், ஓட்டை தெரியும், மறுவாரம் பக்கத்தில் இன்னொன்று வரும். உரித்துவிட்டு ஷீட்டை இன்னும் காயப்போடுவதுதான் வழி.

ஹேர் டிரையர் பிடித்தால் சீக்கிரம் காயுமே?

காயும். கூடவே அடியில் இருக்கிற வாயுவும் கிளம்பும். கார் கண்ணாடிக்குப் பிடிக்கிற ஹீட் கன்னை அக்ரிலிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது பல நூறு டிகிரி காற்றை ஊதுகிற சாமான்.

கார் ஃபிலிம் ஒட்டுகிற கடையில் கொடுத்துவிட்டால் என்ன?

கை சுத்தமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கை கண்ணாடிக்குப் பழகியது. நான் ஒரு கடையில் கொடுத்தேன். 'அண்ணே, அஞ்சு நிமிஷம்' என்று சொல்லிவிட்டு, பேனலைக் கண்ணாடி ஸ்பிரேயால் துடைத்து, கார்க் கண்ணாடியைச் சுரண்டுகிற பிளேடால் ஒரு இழு இழுத்தார். கீறல் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. அவர்மேல் கோபிக்க முடியவில்லை, இது அக்ரிலிக் என்று நான்தான் சொல்லவில்லை. கொடுப்பதானால் உங்கள் தண்ணீர், உங்கள் துணியோடு போய்ப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சூடு ஏறுமா? வைஃபை குறையுமா?

சூட்டைத் தீர்மானிப்பது ஃபேனும் காற்று போகிற வழியும்தான், பக்கவாட்டு ஃபிலிம் அல்ல. வைஃபை ஆன்டெனா பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வித்தியாசம் தெரியாது. பெட்டிக்குள்ளேயே ஆன்டெனா இருந்தால், உலோகப் படிவு சிக்னலைக் கொஞ்சம் தடுக்கும்.

விளக்கு வளையங்கள் முடிவில்லாமல் உள்ளே போவது போல் தெரிகிற இன்ஃபினிட்டி மிரர் செய்ய இதே ஃபிலிம் போதுமா?

போதும், அதுதான் இந்த ஃபிலிமின் உண்மையான விளையாட்டு. பின்னால் முழுக் கண்ணாடி, முன்னால் ஃபிலிம் ஒட்டிய அக்ரிலிக், நடுவில் நாலு ஓரத்திலும் எல்இடி ஸ்ட்ரிப். வெளிச்சம் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னால் கசியும். நம் கண்ணுக்கு அது ஆழமான சுரங்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். முன் ஃபிலிம் 60 சதவீதமும் பின் கண்ணாடி 85 சதவீதமும் திருப்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடிந்தால் மிஞ்சுவது ஏறக்குறையப் பாதி. ஏழாவது சுற்றில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆக, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியப்போவது ஆறேழு வளையம்தான். இரண்டுக்கும் நடுவே 4 செ.மீ. இடைவெளி விட்டால் ஒவ்வொரு வளையமும் 8 செ.மீ. தள்ளித் தெரியும், மொத்தம் அரை மீட்டர் ஆழம். பெட்டியின் அகலமே இருபது சொச்சம் செ.மீ. என்னும்போது இது போதாதா? இடைவெளியைக் கூட்டினால் வளையங்கள் தூரம் தூரமாகிச் சுரங்கம் கலைந்துவிடும்.

எல்இடி இணைக்கும்போது ஒரு விஷயம். மதர்போர்டில் 12 வோல்ட் நாலு பின் ஹெடர் (ஒயரைச் செருகும் இடம்) ஒன்றும், 5 வோல்ட் மூன்று பின் ஹெடர் ஒன்றும் இருக்கும். ஒவ்வொரு பல்பும் தனித்தனி நிறம் காட்டுகிற ஸ்ட்ரிப் 5 வோல்ட் ரகம். அதைத் திருப்பி 12 வோல்ட்டில் செருகினால் ஒரு நொடியில் போய்விடும். அப்படி ஸ்ட்ரிப்பைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய ஃபிலிமை எப்படி உரிப்பது?

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அரைமணி நேரம் போர்த்தி வைத்து, ஒரு மூலையைக் கிளப்பி, பேனலோடு ஒட்டினாற்போல் தாழ்வாகப் பிடித்துப் பைய இழுங்கள். நேராக மேலே இழுத்தால் ஃபிலிம் வரும், பசை தங்கிவிடும். தங்கினால் மறுபடியும் தேங்காய் எண்ணெய். பிளேடு வேண்டாம்.

இவ்வளவு பாடுக்குப் பதில் ரெடிமேட் மிரர் அக்ரிலிக் வாங்கிவிடலாமே?

மிரர் அக்ரிலிக் ஷீட் சுலபமாகக் கிடைக்கும், கடைகளில் அலங்காரத்துக்கு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது முழுக் கண்ணாடி, பின்னால் பெயின்ட் அடித்திருக்கும், வெளிச்சம் தாண்டாது. இன்ஃபினிட்டி மிரருக்குப் பின்பக்கம் வைக்க அதுதான் சரி. வெளிச்சம் தாண்டுகிற 'டூ வே மிரர்' அக்ரிலிக் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டும், விலை கூடுதல், ஆனால் கொப்புளம் என்ற பேச்சே இல்லை. பொறுமை இல்லாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கேபினட்டோடு டெம்பர்டு கிளாஸ் (சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி) வந்திருந்தால் இன்னும் நல்லது, அதில் ஃபிலிம் முதல் முறையிலேயே அழகாக உட்காரும். கழுவும்போது அதன் மூலையை மட்டும் டைல்ஸ் தரையில் இடித்துவிடாதீர்கள். ஒரே சத்தத்தில் பொடிப்பொடியாகிவிடும்.

ஒரு வாரம் காத்திருக்க முடியாது, பணமும் போட முடியாது என்றால் பசையில்லாமல் ஸ்டாட்டிக்கில் ஒட்டுகிற ஃபிலிம் உண்டு. வெள்ளி கொஞ்சம் மந்தமாக இருக்கும். கொப்புளம் வந்தால் உரித்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

முடித்த பேனலை அன்றாடம் எப்படிப் பராமரிப்பது?

முதல் ஒரு மாதம் ஃபிலிம் பக்கத்தைத் தொடவே வேண்டாம். வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் ஸ்டாட்டிக் ஏறி, துடைத்த பத்தாவது நிமிடம் முன்னைவிட அதிகத் தூசி உட்கார்ந்திருக்கும். மெல்லிய ஈரத் துணி, ஒரே திசையில், அழுத்தாமல். என் வீட்டில் ஆடி மாதம் மட்டும் அக்காவின் பழைய பருத்திச் சேலைத் துண்டால் பெட்டியை மூடியே வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது அதை எடுக்க மறக்கக் கூடாது, பின்பக்க ஃபேன் அடைபட்டுவிடும்.